ஒற்றை ஓட்டைக் கூடுகள்

உயிரே போனாலும் இந்த வருஷம் கோப்பை எனக்குத்தான்! ஆகஸ்ட் முதல் தேதி காலை, கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவிக்கொண்டே சபதம் செய்தேன். மனசுக்குள்தான். சத்தமாகச் சபதம் செய்யும் உரிமை எங்கள் வீட்டில் என் மனைவி போதிலுக்கு மட்டுமே உண்டு.

எங்கள் ஊர் துப்பாக்கிச் சங்கத்தில் இந்த வருஷப் போட்டி பழைய டேனிஷ் ராணுவத் துப்பாக்கிக்கு மட்டும். ஊரிலேயே அது இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. ஒன்று என்னிடம். இன்னொன்று ஆறு வருஷமாகக் கோப்பையை அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் கிரெஸ்டனிடம். இரண்டுக்கும் தோட்டா கிடையாது. நூற்று முப்பது வயசுத் துப்பாக்கிக்கு எந்தக் கடைக்காரன் தோட்டா விற்பான்? சுட்டுப் போட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தேடிப் பிடித்து, வெடிமருந்தும் ஈயமும் நாமே அடைத்துக்கொள்ள வேண்டியதுதான். கூடு கிடைத்தவனுக்குக் கோப்பை.

கூட்டுக்கும் ஜாதகம் பார்க்க வேண்டும். உள்ளே டார்ச் அடித்தால் அடியில் நட்டநடுவே ஒரே ஓட்டை தெரிய வேண்டும். அதில் கம்பியை விட்டுத்தான் மருந்துக்கு நெருப்பு வைத்துத் தீர்ந்துபோன கேப்பை வெளியே தள்ள முடியும். பழைய ராணுவக் கூடுகளில் ஓரமாக இரண்டு ஓட்டை. கம்பியை விட்டால் கம்பிதான் உடையும். நான் உடைத்த கம்பிகளை வைத்து வீட்டைச் சுற்றி வேலி போடலாம்.

இதில் இன்னொரு சிக்கல். போன வருஷம் போதிலின் ஜாம் அண்டாவில் கூடுகளை வேகவைத்துக் கழுவித் தொலைத்தேன். அந்த வருஷ ஜாம் முழுக்க வெடிமருந்து வாடை.

"இனிமே ஒரு கூடு இந்த வீட்டுக்குள்ள வந்துச்சு, நீங்க வெளிய!" என்றாள். மாமியார் முன்னிலையில் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஆனாலும் நான் விடுவேனா? பதினேழு ஊர் அலைந்தேன். பதினெட்டாவதாக லெம்விக் பக்கம் ஒரு பன்றிப் பண்ணையில் நாற்பது கூடு! நாற்பதும் ஒற்றை ஓட்டை! சந்தோஷத்தில் அழுதே விட்டேன். பண்ணைக்காரர் பணம் வேண்டாம் என்றார். கொட்டில் கழுவ ஆள்தான் வேண்டுமாம். பல் டாக்டரிடம் போவதாகப் போதிலிடம் சொல்லிவிட்டு இரண்டு நாள் கழுவினேன்.

"ஏங்க, பல்லு எப்படி இருக்கு?"

"பரவாயில்லம்மா."

"அந்த டாக்டர் பன்னி வளக்கறாரா?"

"ச்சேச்சே! அது... மருந்து வாடை."

"ஓஹோ" என்றாள். அந்த ஓஹோவை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

கூடுகளைப் பால் கேனில் போட்டுப் பக்கத்து வீட்டு ஐவின் கொட்டகையில் ஒளித்தேன்.

"என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடுவா, வெர்னர்!" என்றான் அவன்.

"ஆம்பளைக்கு ஆம்பளை இந்த உதவிகூடச் செய்யக்கூடாதா? போட்டி முடியற வரைக்கும்தாண்டா!"

போட்டிக்கு எட்டு நாள் முன்னால் எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள். எங்கள் ஊர் வழக்கப்படி காலை ஏழு மணிக்குத் தெருவே வாசலில் கூடி, ஊதுகுழல் ஊதிப் பாட்டுப் பாடி எங்களை எழுப்பியது. இரவு உடையோடு வெளியே வந்தோம். கதவைச் சுற்றி அக்கம்பக்கத்தார் ஊசியிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். அதில் ஏதோ மஞ்சளாக ஜொலித்தது. கிட்டே போனேன்.

ஐயோ! என் கூடுகள்! பளபளவென்று தேய்த்து, இடுப்பில் ஓட்டை போட்டு, வெள்ளி ரிப்பனில் கோத்திருந்தார்கள்! மருந்து அடைத்தால் அந்த ஓட்டை வழியாகவே முகத்தில் வெடிக்கும். துளை போட்டது யார்? ஐவின் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பெண்டாட்டி இங்கர் அவன் தோளைத் தட்டி, "எல்லாம் இவரு கைவேலைதான்" என்றாள்.

"அழகா இருக்கில்ல?" என்றாள் போதில். "இங்கர் கொட்டகையில ஒரு பால் கேன்ல கிடந்துச்சாம். யாரு வெச்சதுன்னே தெரியல. ஏங்க, உங்களுதா?"

தெருவே என்னைப் பார்த்தது. முன்வரிசையில் மாமியார்.

"என்னுதா? சேச்சே! நான்தான் சத்தியம் பண்ணியிருக்கேனே!"

"நிஜமா?"

"நிஜமா!"

"அப்பாடா! உங்களுதா இருந்தா பாவமேன்னு பாதியை ஓட்டை போட விடாம எடுத்து வெச்சிருந்தேன். போட்டிக்கு இருபது போதுமாமே?" போதில் உள்ளே போய்ப் பால் கேனோடு வந்து, கூட்டத்தில் நின்ற கிரெஸ்டனிடம் நீட்டினாள். "கிரெஸ்டன் அண்ணே, இது உங்களுக்கு உபயோகப்படுமா பாருங்க."

கிரெஸ்டன் ஒரு கூட்டை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "ஒத்த ஓட்டை!" என்று அலறிக்கொண்டே போதிலின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினான்.

"ஏங்க, சும்மா நிக்கறீங்களே! அண்ணன் கார்ல கொண்டு போய் வெச்சிட்டு வாங்க" என்றாள் போதில்.

வைத்துவிட்டு வந்தேன்.