பாலத்துக்கு முளைத்த மீசை

மனித இனம் இன்றுவரை கண்ட கருவிகளிலேயே பிழையில்லாதது டிராயிங் மாஸ்டரின் வலது கை. இது மிகை அல்ல. தீர விசாரித்து எடுக்கப்பட்ட முடிவு. விசாரித்தவர் டிராயிங் மாஸ்டர்.

"அப்படின்னா அந்தப் பிழையில்லாத கை, பாலத்துக்கு ஏன் மீசை வரைஞ்சு வச்சிருக்கு?" என்று கேட்டாள் அவர் மனைவி. தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து, பல்லில் நூலைக் கடித்தபடி அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் டேப்லெட்டைப் பார்த்தார். சற்றுமுன் கம்பி கம்பியாக வரைந்து முடித்த பாலத்தின் நட்டநடுவில், யாரோ தும்மிக்கொண்டே இழுத்த மாதிரி ஒரு கோடு நெளிந்தது.

"நான் போடலை. நான் போட்டா அது கோடு. இது கிறுக்கல்."

"பின்னே யாரு?"

"வேற யாரு? அக்கரைதான்."

அக்கரை என்று அவர் சொன்னது கடலுக்கு அப்பால் இருந்த ஓர் ஓவியப் பெண்மணியை. ஊரிலிருந்த கலை மையம் ஒரு திட்டம் தொடங்கியிருந்தது. பிரஷ் பிடித்தவர்களுக்கு டேப்லெட்டில் வரையச் சொல்லிக்கொடுத்து, ஒவ்வொருவரையும் வேற்று நாட்டு ஓவியர் ஒருவரோடு ஜோடி சேர்த்தார்கள். அவரவர் வீட்டில் இருந்தபடி இருவரும் ஒரே படத்தை வரைய வேண்டும். இவருக்குப் பாலமும் வானமும், அந்தம்மாவுக்கு ஆறு. வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் இருவரும் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தினால், படம் இரண்டு கையெழுத்தோடு மையத்தின் பெரிய கூடத்தில் தொங்கும்.

அந்தக் கூடத்துச் சுவருக்கு மாஸ்டர் இதுவரை பதினொரு படங்கள் அனுப்பியிருக்கிறார். பதினொன்றும் போன வேகத்தில் திரும்பி வந்தன. அந்தச் சுவரில் தம் கையெழுத்தைப் பார்க்காமல் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெறுவதில்லை என்று சபதம். ஓய்வுக்கு நான்கு மாதம் இருந்தது.

டேப்லெட்டோடு அவருக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். ஓவியன் என்றால் நாலு கோட்டுக்கு ஒருமுறை தள்ளி நின்று பார்க்க வேண்டும். டேப்லெட்டிலிருந்து தள்ளி நின்றால் டேப்லெட்தான் தெரிகிறது. இதற்கும், டேப்லெட் சொல்லிக்கொடுத்த மையத்துப் பெண் ஒரு வழி செய்து கொடுத்திருந்தாள்.

"இதே படம் உங்க போன்லயும் திறக்கும் மாஸ்டர். சின்னதாத் தெரியும், தூரத்துல நின்னு பார்க்கற மாதிரி. நீங்களா மூடற வரைக்கும் திரை அணையாது."

அன்றிலிருந்து நாலு கோடு போடுவார்; போனை எடுத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்; "பலே" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மனைவி தைத்த மெல்லிய பருத்திச் சட்டை. பை மட்டும் தாராளம்.

"எந்நேரமும் உட்கார்ந்தே இருக்கீங்க. தினம் அரை மணி நடங்கன்னு டாக்டர் சொல்லி இருபது வருஷம் ஆச்சு," என்றாள் அவள்.

"கலைஞனுக்குக் கை நடந்தாப் போதும். காரணமில்லாம வட்டமடிக்கறது செக்குமாட்டு வேலை."

மீசையை அழித்துவிட்டு, மேஜைமேல் கவிழ்ந்து பாலத்தைச் சரிசெய்தார். நிமிர்ந்தபோது அங்கே தாடியும் வந்திருந்தது.

மாஸ்டர் நாகரிகமான மனிதர். மொழிபெயர்க்கும் ஆப்பில் தட்டி, அக்கரைக்கு ஒரு சேதி அனுப்பினார்: 'பாலத்தின்மேல் உள்ள கோடுகள் பற்றித் தங்கள் கருத்து என்ன?'

பதில் உடனே வந்தது: 'அற்புதம். தயவுசெய்து அழிக்காதீர்கள்.'

"பார்த்தியா! தான் கிறுக்கினதைத் தானே மெச்சிக்குது. காக்காய்க்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு!"

"நீங்களும்தான் நாலு கோட்டுக்கு ஒரு 'பலே' போட்டுக்கறீங்க."

"அது நியாயமான பாராட்டு."

அடுத்து மாஸ்டர் பூகோளத்தைத் துணைக்கு அழைத்தார். இங்கே காலை பத்து மணி என்றால் அங்கே நடுநிசி. பள்ளிக்கு மூன்று நாள் விடுப்புப் போட்டு, அக்கரை குறட்டை விடும் நேரமாகப் பார்த்து வரைய உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் நிம்மதி. வழக்கம்போல் போனில் பார்த்தார். பலே. பேனா நழுவி மேஜைக்கு அடியில் விழுந்தது. குனிந்து தேடி எடுத்துக்கொண்டு எழுந்தால், பாலத்தின் தூணில் ஒரு சுருள்.

"தூங்காம காத்திருந்து கெடுக்குதே!"

கோபத்தில் கூடத்துக்கும் வாசலுக்குமாக ஆறு நடை நடந்தார். திரும்பி வந்து பார்த்தபோது, பாலம் ஆடு புகுந்த தோட்டம் மாதிரி இருந்தது.

மாலையில் அக்கரை அந்தச் சுருள்களைச் சுற்றி வெளிர்நீலம் பூசியிருந்தார். கூடவே ஒரு சேதி: 'நீங்கள் துணிச்சல்காரர்.'

"மிரட்டுது," என்றார் மாஸ்டர்.

"பேசாம சம்மதம்னு அழுத்திடுங்க. சுவராவது கிடைக்கும்."

"அந்தக் கிறுக்கலுக்குக் கீழ என் கையெழுத்தா? தெரிஞ்சு போட்டாத்தான் கோடு. தானா விழறதுக்குப் பேரு அழுக்கு."

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு மாஸ்டர் கலை மையத்தில் இருந்தார். கையில் புகார்க் கடிதம். 'ஒன்று அந்தக் கிறுக்கல் இருக்கட்டும். அல்லது நான்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். மேஜையில் டேப்லெட், சுவர்த்திரையில் அக்கரை, எதிரே இயக்குநர். மையத்துப் பெண் மொழிபெயர்க்கத் தயாராக நின்றாள்.

"மாஸ்டர், உங்க பதினொரு படத்தையும் திருப்பி அனுப்பினது நான்தான்," என்றார் இயக்குநர்.

"தெரியும் சார்."

"எல்லாம் ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கும். பார்க்கறவனுக்கு முதுகு தன்னால நிமிரும். ஆனா இந்தக் கோடுங்க... அசையுது! பாலமே மூச்சு விடுது. இதைப் போட்டது யாரு?"

மாஸ்டர் கடிதத்தை நீட்டுவதற்குள் அக்கரை சிரித்தபடி ஏதோ சொன்னார்.

"எல்லாக் கோடும் மாஸ்டரோடதாம் சார்," என்றாள் பெண். "அவங்க ஆறும் கொஞ்சம் நீலமும்தானாம்."

நீட்டப் போன கடிதம் திரும்பி வந்து நான்காக மடிந்தது. பிறகு எட்டாக.

"கை தன்னால போகுது சார்," என்றார் மாஸ்டர், அடக்கமாக.

"அருமை! வானம் மட்டும் வெறுமையா இருக்கு. அதே மாதிரி அங்கயும் நாலு கோடு இழுத்துட்டு சம்மதம் கொடுங்க. அஞ்சு மணிக்கு மாட்டிடலாம்," என்று சொல்லிவிட்டு இயக்குநர் ஆணி அடிப்பதை மேற்பார்வையிடப் போனார்.

மாஸ்டர் ஒரு கோடு போட்டார். நேராக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு போட்டார். நேராக வந்தது. இடது கையால் போட்டார். முப்பத்தாறு வருஷப் பயிற்சி அந்தக் கைக்கும் பரவியிருந்தது. வேண்டுமென்றே நெளித்துப் பார்த்தார். ஸ்கேலுக்கு ஜுரம் வந்த மாதிரி இருந்தது. அக்கரை மரியாதை கருதி வேறுபக்கம் பார்த்தார்.

மணி நாலே கால்.

"முன்னாடி எப்படிப் போட்டீங்க மாஸ்டர்?" என்று கேட்டாள் பெண். "இருங்க, எந்தக் கோடு எப்ப, எதுல வந்ததுன்னு கணக்கு இருக்கும்." கம்ப்யூட்டரில் எதையோ திறந்தாள். அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு அவர் காதருகே குனிந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

பிழையில்லாத வலது கை மெல்ல எழுந்து இடது மார்பைத் தொட்டது.

"டைரக்டர் காதுல விழ வேண்டாம்மா," என்றார் மாஸ்டர். "நான் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்."

நாலரை மணிக்கு அவர் மனைவி வந்தாள். போட்டோவுக்கு நிற்க இஸ்திரி போட்ட புதுச் சட்டை அவள் கையில் இருந்தது. ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏம்மா, அங்க செக்குமாடு மாதிரி சுத்தறது எங்க வீட்டுக்காரரா? இருபது வருஷமாக் கெஞ்சினேன், நீ எப்படி நடக்க வச்சே?"

பெண் குரலைத் தாழ்த்தினாள். "அவர் நடக்கலைம்மா. வானம் வரையறார். அந்தப் படத்துல இருக்கற சுருள் எதையும் அவர் கை போடலை. சட்டைப் பைக்குள்ள மூடாம கிடந்த போன், பைத் துணி வழியா அவர் மார்புல உரசி உரசிப் போட்டது."

டேப்லெட்டில் ஒரு மேகம் சோம்பலாகச் சுருண்டுகொண்டிருந்தது. வெளியே மாஸ்டர் குனிந்து ஒரு சருகைப் பொறுக்கிவிட்டு நிமிர்ந்தார். மேகத்தின் ஓரத்தில் ஒரு பறவை வந்தது.

மனைவி டேப்லெட்டைப் பார்த்தாள், முற்றத்தைப் பார்த்தாள், கையிலிருந்த சட்டையைப் பார்த்தாள்.

"அந்தப் பையைத் தைச்சது நான்," என்றாள். "மூணாவது கையெழுத்து எங்க போடணும்மா?"