நாலு மேலாளர்களும் ஓர் அட்டைப்பெட்டியும்

தொழில் தொடங்குகிறவர்கள் ஒரு ரகம். தொழில் தொடங்குவதற்கு முன்பே வேலை கொடுக்கத் தொடங்கிவிடுகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தைப் பார்த்ததே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். "சும்மாதானே இருக்கீங்க, நம்ம கம்பெனிக்கு வந்துடுங்களேன்" என்று உங்களையே ஒருமுறை கேட்டிருப்பார். கம்பெனி எங்கே என்றால் நெற்றியைத் தொட்டுக் காட்டியிருப்பார்.

நம்முடைய ஆளைத் தெருவே முதலாளி என்றுதான் கூப்பிடும். சிறுதொழில் தொடங்கி நாலு பேருக்கு வேலை கொடுத்தால் அரசு மானியம் தரும் என்று கேள்விப்பட்ட அன்றே அவருக்குத் தூக்கம் போயிற்று. மானியத்தை நினைத்தல்ல, அந்த நாலு பேரை நினைத்து. கேக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி செய்வது என்று முடிவெடுக்க ஒரு டீ குடிக்கும் நேரம் போதுமானதாக இருந்தது; பதவிகளைப் பங்கிடத்தான் மாதக்கணக்கில் ஆனது. சித்தப்பா மகன் கண்ணாடி போட்டிருந்ததால் கணக்கு மேலாளர். பக்கத்து வீட்டுத் தபால்காரருக்கு ஊரில் எல்லாக் கதவும் தெரியும் என்பதால் விநியோக மேலாளர். பெரியம்மா மகள் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர் எதையாவது வாங்கிக்கொண்டாவது தப்பித்தால் போதும் என்று ஆகிவிடுவார் என்பதால் விற்பனை மேலாளர். மனைவியின் தம்பி, மனைவியின் தம்பி என்பதால் பொது மேலாளர்.

அந்தப் பதவியை நம்பி, கைக்கு வந்த சோப்பு ஆலை வேலையை மச்சான் வேண்டாமென்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து முதலாளிக்கு வீட்டில் சோறு நேரத்துக்குக் கிடைத்தது. பேச்சு கிடைக்கவில்லை. கடைசியில் ஒருநாள் மனைவி வாயைத் திறந்தாள்.

"என் தம்பிக்கு இதுல வேலை இல்லைன்னு ஆச்சுன்னா, அப்புறம் இந்த வீட்டுல எல்லாத்துக்கும் நீங்கதான் மேனேஜர். பாத்திரம் தேய்க்கிறதுக்கும் சேர்த்து."

மானிய அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் பார்வையிட வந்தார். கார் நிறுத்தும் அறைதான் தொழிற்சாலை. நாலு மேசை, நாலு சுழல் நாற்காலி, நாலு மேலாளர்கள். மூலையில் திரைக்குப் பின்னால், பழசாக வாங்கிய மடிப்பு இயந்திரம், கல்யாண வீட்டில் யாரும் கண்டுகொள்ளாத உறவுக்காரர் மாதிரி நின்றது. ஒவ்வொருவரின் பொறுப்பையும் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். மேற்பார்வை என்றார்கள், ஒருங்கிணைப்பு என்றார்கள், திட்டமிடல் என்றார்கள்.

"எல்லாம் சரி சார். பெட்டி யாரு செய்வாங்க?"

முதலாளி கணக்கு மேலாளரைப் பார்த்தார். கணக்கு விநியோகத்தைப் பார்த்தது. விநியோகம் விற்பனையைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக விற்பனைக்குப் பேச்சு வரவில்லை. இத்தனை பேருக்கு வேலை கொடுத்த மனிதர், வேலை செய்ய ஓர் ஆளைப் போட மறந்திருந்தார்.

"அதை அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்னு இருக்கோம், மேடம்" என்றார் முதலாளி.

"அப்ப நானும் அடுத்த கட்டத்துலயே வர்றேன்." அதிகாரி பையை எடுத்தார்.

உள்வாசலில் நின்ற மனைவி தம்பியைப் பார்த்தாள். சோப்பு ஆலை மொத்தமும் அந்தப் பார்வையில் இருந்தது. பொது மேலாளர் எழுந்தான், சட்டைக் கையை மடித்துவிட்டான், திரையை விலக்கினான், இயந்திரத்தில் அட்டையை வைத்துக் கால்மிதியை மிதித்தான். முதல் பெட்டி கோணல். இரண்டாவதில், அனுசரித்துப் போகிற கேக்காக இருந்தால் உட்காரலாம். மூன்றாவது நேராக நின்றது. அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவருக்கு வேலை இருக்கு. இவரை எழுதிக்கிறேன். மத்த மூணு பேரும் எப்ப மடிக்க உக்கார்றாங்களோ, அப்பக் கூப்பிடுங்க."

மனைவி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். கணவருக்கு வைக்கும்போது சர்க்கரை போதுமா என்றும் கேட்டாள். மனம் குளிர்ந்துபோன முதலாளி, மச்சான் தோளில் கை வைத்தார்.

"நீ கவலைப்படாம மடி மச்சான். உன்னை மேற்பார்வை பண்ண நாங்க நாலு பேர் இருக்கோம்."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அந்த அறைக்குள் நீங்களும் கூடவேதானே வந்தீர்கள்? நுழைந்ததும் உங்கள் கண் எங்கே போயிற்று? நேரே திரைக்குப் பின்னால் என்றால் நீங்கள் வேறு ரகம், போய்வாருங்கள். சுழல் நாற்காலிகளில் எது மின்விசிறிக்கு நேர் கீழே என்று பார்த்திருந்தால், முதலாளி உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். பொது மேலாளர் பதவி இப்போது காலி.