உலை பாயும் எழுநூறு டிகிரியும்

காஞ்சிபுரத்தில் சூரியனையே குறை சொன்ன மனிதர் ஒருவர்தான். அவர் உலை பாய். சித்திரை மாதத்து உச்சி வெயிலில் ஊரே தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு ஓடும்போது, இவர் நடுரோட்டில் நிற்பார். சட்டைப் பையிலிருந்து ஒரு நீலக் கண்ணாடித் துண்டை எடுத்து, அதன் வழியாக மேலே பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

“பத்தாதுபா. உருக்கு ஊத்தற சூடு இது இல்ல.”

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. நானே நூறு தடவை ஆபீஸ் மனுப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன், ஆனாலும் வாயில் வராது. பக்கத்துத் தாமல் கிராமத்தைத் தாண்டி, அரசாங்கமே தொடங்கி அரசாங்கமே நடத்திய சின்ன உருக்காலை ஒன்று இருந்தது. அதில் முப்பது வருஷம் உலைக்குப் பக்கத்தில் நின்றவர். நீலக் கண்ணாடி வழியாக உருகும் இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்லிவிடுவார். ஒருமுறை சூடு அளக்கும் கருவி வந்து, இவர் சொன்னதற்கும் அதற்கும் ஒத்துப்போகாமல், கடைசியில் கருவியைத்தான் ரிப்பேருக்கு அனுப்பினார்களாம். இதைச் சொன்னவர் பாயே என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

ஆலையை மூடிவிட்டார்கள். பாயின் கண் மட்டும் ஓய்வு பெறவில்லை.

கல்யாண வீட்டில் பிரியாணி தேக்சாவின் மூடிமேல் தணல் கொட்டினால், பாய் வந்து பார்த்து “எண்ணூறு டிகிரி, சரியா இருக்குது” என்று சொன்ன பிறகுதான் சமையல்காரர் நகர்வார். ஒருநாள் தணலைப் பார்த்தபடியே பாய் பேச ஆரம்பித்தார். உருக்கைச் சாய்க்கிற நேரத்தில் கொட்டகை முழுக்க விடிந்தது போல் ஆகுமாம். ஆட்களுக்கு நிழலே இருக்காதாம். அத்தனை சத்தமும் ஒரு நிமிஷம் காதில் விழாதாம். சமையல்காரர் கேட்டுக்கொண்டே நின்றார். பந்திக்கு வந்தவர்களும் நின்றார்கள். அடிப்பிடித்த பிரியாணியை அன்றைக்கு எல்லோரும் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

பட்டுக்கடையிலும் இதே கதைதான். மழைக்கு ஒதுங்கப் போனவர், அரக்குச் சேலையைக் கையில் வைத்திருந்த கல்யாணப் பெண்ணின் அம்மாவிடம், “அது எழுநூறு டிகிரிமா. ஏறுற சூடா, அணையப் போற சூடா, பாத்ததும் தெரியாது. ரெண்டு நிமிஷம் உத்துப் பாக்கணும். பொண்ணுக்கு எதுக்கு அந்தச் சந்தேகம்? அந்த மாம்பழக் கலரு எடுங்க, ஆயிரத்து நூறு” என்றார். அந்த அம்மாள் பயந்துபோய் மஞ்சளை எடுத்தார். கடைக்காரர் முதலில் முறைத்தார். மூன்று வருஷமாகத் தேங்கிக் கிடந்த மஞ்சள் புடவைகள் அந்த முகூர்த்தத்தில் தீர்ந்ததும், மழை இல்லாத நாளிலும் பாயைக் கூப்பிட ஆரம்பித்தார்.

எனக்கும் அவருக்கும் திங்கட்கிழமைப் பழக்கம். நான் மனு வாங்கும் மேஜையில் குமாஸ்தா. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. எங்கள் மேஜைக்கு எதிரே நாற்காலி கிடையாது. உட்காரவைத்தால் மனுதாரர்கள் எழுந்து போகமாட்டார்கள் என்பது மேலதிகாரியின் கண்டுபிடிப்பு. பாய் நின்றபடியே ஒரு தாளை நீட்டுவார். அதில் ஒரே வரி: ‘உலை அணைந்ததற்கு யார் பொறுப்பு?’

“பாய், மனுன்னா ஏதாவது கேக்கணும். பட்டா, பென்ஷன், தெருவிளக்கு...”

“கேட்டிருக்கேனே சார். யாருன்னு கேட்டிருக்கேன்.”

அனுப்பினேன். தொழில் துறையைப் பார்ப்பவர்கள், மின்சாரம் பார்ப்பவர்களைக் கேட்கச் சொன்னார்கள். அவர்கள், வெளிநாட்டு இரும்பை உள்ளே விட்டவர்களைக் கேட்கச் சொன்னார்கள். அவர்கள் டில்லியைக் காட்ட, டில்லி மாநிலத்தைக் காட்டியது. போகும்போது ஒரு வரியாக இருந்த மனு, திரும்பும்போது பதினாறு முத்திரையோடு பிள்ளைத்தாய்ச்சி போல வந்தது. கடைசித் தாளில், ‘தல விசாரணை செய்து மனுவை முடித்து வைக்கவும்’ என்று இருந்தது. மேலதிகாரி அதை என் பக்கம் தள்ளினார்.

அன்று சாயங்காலமே பாயோடு பஸ் ஏறினேன். ஆலைக்குள் ஆடுகள் மேய்ந்தன. கொட்டகையின் கூரைத் தகடுகள் பறந்துபோய், வானம் அப்படியே உள்ளே இறங்கியிருந்தது. பாய் செருப்பைக் கழற்றிவிட்டு உலைக்கருகே போனார். அதன் வாய்வரை மழைத் தண்ணீர். சாய்ந்த சூரியன் அந்தத் தண்ணீருக்குள் விழுந்து மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு தவளை குதித்ததும் மஞ்சள் கலைந்து மறுபடி கூடியது. எனக்கு எங்கே நிற்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

“ஆயிரத்து நூறு” என்றார் பாய் மெதுவாக. சற்றுப் பொறுத்து, “தொள்ளாயிரம்.”

பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார். “கரண்ட்ட நிறுத்துன ஒடனே அணையல தம்பி. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் உள்ள செவப்பு இருந்துது. யாராவது வந்து ‘திரும்பப் போடு’ன்னு சொல்லுவாங்கன்னு இங்கியே ஒக்காந்துக்கினு இருந்தேன். யாரும் வரல. வெளிநாட்டுக் கம்பி மலிவா எறங்குச்சு, தடுக்க வேண்டியவங்க தடுக்கல, எல்லாம் தெரியும். ஆனா யாரோ ஒருத்தர்தானே ‘நிறுத்து’ன்னு சொன்னாரு? அவரு வந்து ‘நான்தான்’னு சொல்லட்டும். சண்டை போடமாட்டேன். டீ வாங்கித் தரேன்.”

விசாரணைத் தாள் என் கையில் இருந்தது. ‘எடுக்கப்பட்ட நடவடிக்கை’ என்ற இடம் காலி. இருபது வருஷமாக அந்த இடத்தை நிரப்பத் தெரிந்த எனக்கு அன்றைக்குப் பேனா ஓடவில்லை.

“நான்தான் பாய்” என்றேன்.

“நீயா? நீ அப்ப உன் ஆபீஸ்ல ஒரு மூலைல சீல் குத்திக்கினு இருந்திருப்ப.”

“இருக்கலாம். இன்னிக்கி கவர்மெண்டு சம்பளம் வாங்கிக்கினு இங்க நிக்கறது நான் ஒருத்தன்தான். வேற யாரும் வரமாட்டாங்க பாய். மன்னிச்சிடுங்க.”

பாய் கண்ணாடியை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். உடனே பையில் போட்டுக்கொண்டார்.

“எழுநூறுக்கு இந்தக் கண்ணாடி வேணாம். உன் காது நல்லா செவந்துடுச்சு.”

“அது வெயில் பாய்.”

“வெயிலு எனக்குத் தெரியாதா?”

என்னை அசையாமல் பார்த்தார். சூரியன் உலைக்குள் சிவந்து, கருத்து, அணைந்தது. அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷம் இருக்கும். பிறகு என் தோளில் கை வைத்தார்.

“ஏறுற சூடுதான் தம்பி. வா, டீ சாப்பிடலாம்.”

அடுத்த திங்கட்கிழமை பாய் மனு இல்லாமல் வந்தார். மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நான் எழுந்து என் நாற்காலியை அவருக்குப் போட்டேன்.