முழங்காலா, எலியா

மென்லோ பார்க், கலிஃபோர்னியா
மே, 1965

மரியாதைக்குரிய ஆர்வில் மாமாவுக்கு,

ரோவீனா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் உடம்பளவில் நலம். ஐயோவாவில் நீங்களும் டெல்லா அத்தையும் நலமாக இருக்கவும், கடையில் கலப்பைகள் துருப்பிடிக்காமல் விற்றுத் தீரவும் வேண்டிக்கொள்கிறேன்.

ஒரு வேண்டுகோள். அப்பா உங்களைத் தொலைபேசியில் அழைத்து, "மச்சான், கடையில ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்டால், தயவுசெய்து இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

காரணம் இதுதான். அப்பாவின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கணினி இருக்கிறது. அதன் திரையில் தெரியும் எழுத்துகளில் வேண்டியதை எப்படிச் சுட்டுவது என்பதில் போட்டி. ஒரு சாரார் மரக்கட்டையைக் குடைந்து, அடியில் இரண்டு சக்கரமும் மேலே ஒரு பொத்தானும் வைத்திருக்கிறார்கள். அதை மேசையில் உருட்டினால் திரையில் புள்ளி நகரும். வயர் வால்போல நீள்வதால் அதன் பெயர் எலி. முதலில் அப்படிக் கூப்பிட்டது யாரென்று யாருக்கும் நினைவில்லை. அப்பா செய்தது, மேசைக்கு அடியில் முழங்காலால் தள்ளும் நெம்புகோல். இரண்டு கையும் தட்டச்சுப் பலகையிலேயே இருக்கலாமே என்கிறார். நியாயமான வாதம். அம்மாவின் தையல் மெஷினை ஓட்டும் முழங்கால் கம்பியைப் பார்த்து வந்த யோசனை என்பதால், அந்தக் கம்பியையே கழற்றி, சாப்பாட்டு மேசைக்கு அடியில் மாட்டி, அம்மாவை வைத்து மாதக்கணக்கில் சோதித்தார். அவர் சொன்ன திசையில் தள்ளுவதில் அம்மா ஒருமுறைகூடத் தவறவில்லை. விருந்துக்கு வந்த பாதிரியார் காலை மடக்கியபோது மட்டும் மேசை துள்ளி, இறைச்சிக் குழம்பு அவர் மடியில் கொட்டியது. அவர் கோபத்தை அடக்கிக்கொண்டு நன்றி ஜெபத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

பிறகு ஆய்வுக்கூடத்தில் உண்மையான பரீட்சை. கணினியைத் தொட்டதே இல்லாதவர்கள் வேண்டும் என்று என்னையும் அழைத்தார்கள். கடைசியில் பரீட்சையை நடத்திய மிஸ் ப்ரான்சன், "உனக்கு எதும்மா புடிச்சிருக்கு?" என்று கேட்டார். அப்பா எனக்குப் பின்னால் நின்று மூச்சுவிடுவது கேட்டது.

"முழங்காலைத் தள்ளும்போது முழங்காலையே நினைச்சுட்டிருந்தேன். எலியைப் புடிச்சப்போ கை இருக்குறதே மறந்துபோச்சு. எலிதான்" என்றேன்.

திரும்பும்போது வாதுமைத் தோப்புகள் முடியும்வரை அப்பா காரை விரட்டினார். பிறகு, "நான் ஆர்வில் கடைக்கே போறேன். கலப்பை புடிச்சவன் கையை மறக்க மாட்டான்" என்றார். வீட்டில் அம்மா சொன்னாள்: "பதினஞ்சு வருஷமா முழங்காலால மெஷின் ஓட்டுறவளை வச்சுப் பரீட்சை பண்ணினா, முழங்கால் ஜெயிக்காம என்ன செய்யும்?"

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே லோயிஸ்."

"நீங்க எங்க கேட்டீங்க? கம்பியைக் கழட்டுறதுலயே குறியா இருந்தீங்க. ரோவீனா கவுன் பாதியில நிக்குது."

மாமா, எனக்குக் கவுன் பெரிதில்லை. மனிதர்கள் ஒரு நாள் திரைக்கு முன் உட்கார்ந்து சேர்ந்து யோசிப்பார்கள் என்று தினமும் சாப்பிடும்போது சொல்லுவார் அப்பா. இப்போது உப்பை மட்டும் கேட்கிறார். நல்ல கருவி என்றால் பிடித்திருப்பதே மறந்துபோக வேண்டும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதற்காக உழைத்துத் தோற்றவரையும் சேர்த்து மறந்துவிடுவார்களே, அது சரியா என்று தெரியவில்லை. அவர் கலப்பை விற்கக்கூடாது. அவருக்கு விற்கவும் வராது. வாங்க வந்தவரிடம் கலப்பையின் குறைகளை விளக்குவார்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் வயலில் வேண்டிய அளவுக்கு மட்டும் மழை பெய்யட்டும்.

பணிவுள்ள மருமகள்,
ரோவீனா

பின்குறிப்பு: தபால்தலை தேடிக்கொண்டிருந்தபோது ஆய்வுக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. எல்லோருடைய நேரத்தையும் கூட்டிப் பார்த்ததில், புதியவர்கள் முழங்காலால்தான் வேகமாகச் சுட்டினார்களாம். நானும்கூடவாம். அப்பா எங்கும் போகப்போவதில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துச் சமையலறையில் ஆடிக்கொண்டே, "இப்ப என்ன சொல்றே ரோவீனா, பதிலை மாத்திக்கிறியா?" என்று கேட்டார். வேகம் வேறு, பிடிப்பது வேறு, எனக்கு எலிதான் என்றேன். ஆட்டம் நின்றுவிட்டது. ஆகவே மாமா, மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். கடையில் இடம் இருந்தால் இருக்கிறது என்றே சொல்லுங்கள். எனக்குத்தான்.