மகனுக்கு ஒரு நீச்சல் குளம்

நீச்சல் குளத்துத் தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மகன் முனீர் வருகிறான். ஜமால் முகமது குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

எட்டு வருஷம் கழித்துப் பினாங்கிலிருந்து வருகிறான். அங்கே நீச்சல் குளம் வைத்த பங்களாவில் இருப்பதாக, ஊர் வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பியவன். அந்தச் சொகுசு திண்டுக்கல்லில் இல்லையென்று மறுபடியும் கப்பல் ஏறிவிடக் கூடாதே! தெருவே குழாயடியில் குடத்தோடு அடித்துக்கொண்ட கோடையில், வீட்டுக் கொல்லையில் குளம் கட்டி, ஆத்தூர்ப் பக்கமிருந்து லாரியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார் மனுஷர். கண்ணை மூடுவதற்குள் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் ஆசை அவருக்கு.

கட்டத் தெரிந்தது. வைத்துக் காப்பாற்றத்தான் தெரியவில்லை.

"இத எறைச்சுப்புட்டு வேற தண்ணி ஊத்துங்க" என்றாள் மனைவி அஜீஸுன்னிசா.

"வேற தண்ணிக்கு எங்கடி போறது? முப்பது வருசமாத் தோல் பதனிடுற ஷாப்பு நடத்துறேன். தொட்டித் தண்ணியப் பத்தி எனக்கே சொல்றியா?"

தோல் ஊறும் தொட்டிக்குச் சுண்ணாம்புதான் வைத்தியம். ஷாப்பு மேஸ்திரி கண்ணுசாமி மூட்டை மூட்டையாகக் கொட்டினார். பச்சை போயிற்று. குளம் மோராயிற்று.

"இது எப்பய்யா தெளியும்?"

"சுண்ணாம்பு எறங்கணும்னா தவிடுதான் மொதலாளி. தோலுக்கு அப்பிடித்தான செய்யுறோம்?"

தவிட்டைக் கொட்டினார்கள். வெயிலில் அது புளித்து நுரைத்து, பேகம்பூர் வரைக்கும் வாடை போனது. மனிதர்களுக்குத்தான் அது நாற்றம். பால்காரர் பெருமாள்சாமியின் எருமை வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்து குளத்தில் குதித்துவிட்டது.

"எருமைய வெளிய இழுய்யா!" என்று, பின்னாலேயே ஓடிவந்த பால்காரரிடம் கத்தினார் ஜமால் முகமது.

"படி இல்லாமக் கட்டிப்புட்டீகளே பாய், எப்பிடி ஏறும்? தண்ணிய வடிச்சாத்தான் பலகை போட முடியும்."

வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்ளாத குறையாக, அத்தனை தண்ணீரையும் சாக்கடையில் திறந்துவிட்டார். குழாயடியில் நின்ற பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள்.

"குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்ல. இவருக்கு எருமை குளிப்பாட்டக் குளம் கேக்குது!"



எருமை மேலேறவும், வாசலில் ஜட்கா வந்து நிற்கவும் சரியாக இருந்தது. முனீர் இறங்கினான். கூடவே பெட்டியைச் சுமந்துகொண்டு அருள்நாதன். பினாங்கில் முனீரோடு ஒரே அறையில் இருந்தவன்.

"ஒனக்காகத்தாண்டா கட்டுனேன்" என்றார் ஜமால் முகமது. "செத்த நேரம் பொறு, கழுவி நெறைச்சுப்புடுறோம்."

முனீர் செருப்பைக் கழற்றினான், கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டினான், மேஸ்திரி கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டு சகதிக்குள் இறங்கித் தேய்க்க ஆரம்பித்தான்.

கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியாடி? குளத்தப் பாத்ததும் பயலால நிக்க முடியல! இனி எங்கயும் போக மாட்டான்."

அருள்நாதன் பெட்டியைக் கீழே வைத்தான்.

"பாய், வெள்ளக்காரன் வீட்டுக் குளத்தக் கழுவிக் கழுவி வெறுத்துப்போயித்தான் முனீரு ஊருக்கே வந்தாப்ல."