பரஸ்தானம் வைத்த பெட்டி

திருமுல்லைவாயில்,
பிரஜோற்பத்தி வருஷம், ஆனி மாதம் 12ஆம் தேதி

டர்பன் நகரத்தில் காய்கறிக் கடை நடத்திச் சீரும் சிறப்புமாக இருக்கும் சிரஞ்சீவி ஜானகிராமனுக்கு, உன் அக்காள் புருஷன் வரதன் அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், இரண்டு எருதுகள், ஒரு கட்டை வண்டி ஆகிய நால்வரும் ஈசுவர கிருபையால் நலம். அவ்விடம் நீ, உன் அக்காள் தாட்சாயிணி, என் வாழைத் தோட்டம் எல்லோரும் நலமா என்று பதில் எழுத வேண்டியது. எழுதினாலும் எனக்கு வந்து சேராது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நிற்க. ஆவணி பிறந்தால் நான் டர்பன் துறைமுகத்தை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. அதற்குள் திரும்பி வராதவன், அந்த மண்ணிலேயே பிறந்தவனானாலும், வெளியாள்தான் என்பது உங்கள் இமிகிரேஷன் துரையின் சட்டம். நான் அந்த ஊர்க் குடி என்று சொல்லும் டொமிசைல் சீட்டு அதற்கப்புறம் பொட்டலம் கட்டத்தான் உதவும். வீடும் தோட்டமும் பெண்டாட்டியும் அந்தக் கரையில். நான் இந்தக் கரையில். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அந்தச் சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வந்தது எதற்கென்று உனக்குத் தெரியும். எங்கள் அப்பா இந்த ஊரில் விட்டுப்போன ஒரு பங்கு நிலத்தை விற்று, அந்தப் பணத்தோடு இரண்டே மாதத்தில் திரும்புவதாகத் திட்டம். பெரியப்பா மகன் உலகநாதன் அண்ணன் மேளதாளத்தோடு ரயிலடிக்கு வந்து என்னை அழைத்துப் போனார். மேளக்காரருக்குக் கூலி கொடுத்தவன் நான். பிறகு அண்ணன், "கெணறு இல்லாத நெலத்த எவன்டா வாங்குவான் வரதா? ஒரு கெணறு வெட்டிட்டோம்னா அடிச்சிப் புடிச்சிகினு வருவானுங்க" என்றார். எனக்கும் நியாயமாகப் பட்டது. வேட்டி மடிப்பில் தைத்து வைத்திருந்த திரும்பு கப்பல் கூலியைப் பிரித்துக் கிணறு வெட்டினோம். தண்ணீர் இளநீராக வந்தது. அதைக் குடித்துப் பார்த்த அண்ணன், "இம்மாந் தண்ணி இருக்கிற நெலத்த எவனாவது விப்பானா?" என்று கேட்டார். இதுவும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. நான் அவரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைப்பதற்குள் உலகம் பூராவும் நெல் விலை விழுந்துவிட்டது. இப்போது நிலத்தை இனாமாகக் கொடுத்தாலும் வாங்குகிறவன் கிஸ்தியை நினைத்து ஓடுகிறான். ஆக, என் கப்பல் கூலி கிணற்றுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஊரார் அதை இறைத்துக் கத்தரிக்காய் போடுகிறார்கள்.

இப்படி இரண்டரை வருஷம் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பூங்காவனம் அண்ணி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சித்திரை மாதத்தில் ஒரு நாள் பஞ்சாங்கத்தோடு வந்து, "தம்பி, கடல் தாண்டறதுக்கு வர்ற புதன்கெயம தான் நல்ல நாளு. இத்த வுட்டா ஆறு மாசத்துக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். கூலிக்கு வழியில்லையே அண்ணி என்றேன். "அதுக்கு இன்னா? பரஸ்தானம் வெச்சிடு" என்றாள்.

நீயும் என்னைப் போல டர்பனில் பிறந்தவன். உனக்கு இது விளங்காது. நல்ல நாளில் ஆள் புறப்பட முடியாவிட்டால், அவன் பெட்டியை மட்டும் அந்த நேரத்தில் எடுத்துப்போய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். பெட்டி புறப்பட்டால் ஆளும் புறப்பட்ட கணக்கு. பிறகு சௌகரியப்பட்டபோது போய்க்கொள்ளலாம். பக்கத்து வீட்டில் வைத்தாலே போதும். ஆனால் அண்ணன், "கடல் தாண்டற பொட்டிடா! ரெண்டு ஊராவது தாண்டி வெக்கணும்" என்று சொல்லிவிட்டார். கரையான்சாவடியில் துணிக்கடை வைத்திருக்கும் உஸ்மான் கனி எனக்குப் பழக்கம். அவருடைய தங்கை மகன் அப்துல் கையூமுக்கு டர்பனிலும் ஒரு கடை உண்டு. அந்த உறவில் என் தகரப் பெட்டியை அவர் கடையில் இறக்கி, "டர்பனுக்குப் புறப்பட்ட பெட்டி பாய், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

வாசலில் அண்ணி குறுக்கே நின்றாள். "ஐயையோ, பரஸ்தானம் வெச்சவன் திரும்ப ஊட்டுக்குள்ள வரக் கூடாது! அந்தாண்ட போ" என்றாள். இந்தச் சட்டத்தை என்னிடம் முன்னால் யாரும் சொல்லவில்லை. அன்று முதல் மாட்டுக் கொட்டகையில் வண்டிக்கடியில் படுக்கிறேன். அண்ணி சோறு போடாமலில்லை. ஆனால் நான் பிரயாணம் புறப்பட்டவன் அல்லவா? அதனால் தினமும் புளிச்சோறு பிசைந்து இலையில் கட்டிக் கொடுத்து, "பத்திரமா போய்ட்டு வா தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறாள். நானும் தினமும் "போய்ட்டு வரேன் அண்ணி" என்று சொல்லி மாடுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்கிறேன். புளியின் பெயரைக் கேட்டாலே இப்போது பல் கூசுகிறது. அவள் என்னைத் துரத்தினாளா, சாஸ்திரம் பார்த்தாளா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டரை வருஷம் பொறுத்தவளைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இனித் தபால் விஷயம். தாட்சாயிணியிடமிருந்து வைகாசி முழுவதும் ஒரு வரி வராமல் போகவே, தபால்காரர் முனியனை மடக்கிக் கேட்டேன். "நீதான் பூட்டியே அண்ணாத்தே! ஊரே சொல்லிச்சி. வந்ததெல்லாம் 'ஆள் டர்பனுக்குப் புறப்பட்டுவிட்டார்' னு எய்தித் திருப்பி அனுப்பிச்சிட்டேன்" என்றார். எதிரிலேயே நிற்கிறேனே ஐயா என்றேன். "நிக்கிற, சரி. ஆனா நீ பொறப்பட்டாச்சில்ல?" என்றார். அந்தக் கடிதங்கள் தாட்சாயிணியின் கைக்குப் போனால் நான் கப்பலில் வந்துகொண்டிருப்பதாகத்தானே நினைப்பாள்? துறைமுகத்தில் போய் நிற்பாளே என்று எண்ணியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போன மாதம் அப்துல் கையூம் இங்கே வந்துவிட்டு டர்பனுக்குத் திரும்பினார். கரையான்சாவடிக்கு நடந்துபோய் வழியனுப்பினேன். போகிறவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. வயிற்றெரிச்சல் தெரியாமலிருக்க மூட்டைகளை வண்டியில் ஏற்ற ஒரு கை கொடுத்தேன். கித்தான் சுற்றித் தைத்த மூட்டை ஒன்று என் இடுப்பை ஒடித்துவிட்டது. இன்னும் வலிக்கிறது.

ஆகவே ஜானகிராமா, நீ செய்ய வேண்டியது இது. இமிகிரேஷன் துரையைப் பார்த்து, எங்கள் வழக்கப்படி என் அக்காள் புருஷன் சித்திரையிலேயே புறப்பட்டுவிட்டார், பெட்டி அதற்குச் சாட்சி, உடம்பு மட்டும் கொஞ்சம் தாமதம் என்று எடுத்துச் சொல். சட்டம் என்றால் சட்டத்துக்குள் ஒரு சந்து இருக்கும். அவர் இரங்கி ஆறு மாதம் தவணை கொடுத்தால், தோட்டத்துக் குலைகளை விற்று எனக்குக் கப்பல் கூலி அனுப்பு. உஸ்மான் கனி பெயருக்கு அனுப்பு. துரை என் சீட்டின் நம்பரைக் கேட்பார். சீட்டு பெட்டிக்குள் இருக்கிறது. நாளைக் காலையில் கரையான்சாவடிக்குப் போய்ப் பார்த்து, நம்பரை இதன் அடியில் எழுதி, பிறகு தபாலில் சேர்க்கிறேன்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசி, வாழைக்குத் தண்ணீர். தாட்சாயிணிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சௌக்கியமாக இருக்கிறேன் என்று சொல்.

இப்படிக்கு,
புறப்பட்டுவிட்ட
வரதன்

பின்குறிப்பு: நம்பர் கிடைக்கவில்லை. கடையில் பெட்டியும் இல்லை. "பொட்டியா? அது அப்பவே பூட்ச்சே நைனா!" என்கிறார் உஸ்மான் கனி. "டர்பனுக்குப் பொறப்பட்ட பொட்டின்னு நீதான சொன்னே? மய பட்டா ரிப்பேராப் பூடும்னு கித்தான் சுத்தித் தச்சி நம்ம கையூம்கிட்ட குட்த்து அனுப்பிச்சேன். நீயே தூக்கி வண்டில வெச்சியே!" என் இடுப்பு வலியின் காரணம் இப்போது விளங்குகிறது. அந்த மனுஷர் நல்லது செய்த சந்தோஷத்தில் எனக்குத் தேநீர் வேறு வாங்கிக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு நடந்தே திரும்பினேன்.

சீட்டில்லாமல் என்னை எந்தக் கப்பலிலும் ஏற்ற மாட்டார்கள். நீ அதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தபாலில் அனுப்பினாலும் ஆவணி தாண்டித்தான் வரும். ஆளில்லாமல் வந்து இறங்கிய பெட்டியைப் பார்த்தபின் துரை தவணையும் கொடுக்க மாட்டார். ஆகவே துரையைப் பார்க்க வேண்டாம், கூலியும் அனுப்ப வேண்டாம். அண்ணியிடம் சொன்னேன். பெட்டி நிஜமாகவே கடல் தாண்டிவிட்டதால் இனி நான் வீட்டுக்குள் வரவே கூடாது என்றாள். ஆனால் இன்று கட்டுச்சோறு இல்லை. சுடுசோறும் ரசமும் கொண்டுவந்து கொட்டகையில் வைத்தாள். போய்ட்டு வா என்று சொல்லவில்லை.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் பெட்டி வந்து சேர்ந்திருக்கும். தாட்சாயிணி துறைமுகத்தில் கையூம் கொடுத்த மூட்டையின் கித்தானைப் பிரித்து, பெட்டிமேல் என் பெயரைப் படித்துவிட்டு, பின்னால் வருகிற ஆளைத் தேடியிருப்பாள். அவளைத் தனியாக விடாதே. பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அவள் கட்டிலுக்கு அடியில் வை. ஆவணிக்குள் என் பேரில் யாராவது வீடு வந்து சேர்ந்திருக்க வேண்டும் அல்லவா?