தொண்ணூற்றொன்பது பாகையில் நின்ற கலியாணம்

ஒரு கொம்பியூட்டர் சூடாவதற்கும் ஒரு கலியாணம் குழம்புவதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்கிறவர்கள் நல்லாயிருக்கட்டும். எனக்கு இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக நடந்தன. இரண்டையும் நானேதான் செய்தேன். (அம்மாவும் கொஞ்சம் கை கொடுத்தார். அவர் இல்லாமல் எங்கள் வீட்டில் எதுவும் முழுமையாக நாசமாவதில்லை.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கம்பஸில் கணினி படித்து முடித்துவிட்டு, உடுவிலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ரியூசன் கொட்டிலில் அதே பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊரில் யாருடைய பிரின்ரர் நின்றாலும், யாருடைய போன் கிணற்றடியில் விழுந்தாலும் என்னிடம்தான் வரும். ஒரு மனுசியைக் கெடுக்க அந்த அளவு மரியாதை போதும். என்னை நன்றாகவே கெடுத்தது.

கஜன் எனக்குப் பேசி முற்றாக்கியிருந்த மாப்பிள்ளை. ரொறன்ரோவில் ஒரு பெரிய களஞ்சியத்தில் இரவு வேலை. அங்கே இருக்கிற என் பெரியம்மா கொண்டுவந்த சம்பந்தம் அது. சாதகம் பொருந்தியது, படம் பிடித்தது, ஆவணியில் வந்து தாலி கட்டுவதாக ஏற்பாடு. அதற்கிடையில் நாங்கள் இருவரும் போனில் பழக வேண்டும். பழகினோம். "சாப்பிட்டீரோ?" "ஓம், நீங்கள்?" "ஓம்." இப்படியே வாரக்கணக்கில் இரண்டு நாடுகளில் இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தோம்.

ஒருநாள் பேச்சு வற்றிப்போய், நான் கேம் விளையாடுவேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சம்பந்தம் முடிந்தது என்று நினைத்தேன்.

"என்ன கேம்?" என்றார்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு தீவு கிடைத்தது. வெறும் தீவு. மரம் வெட்டி, கல் சுமந்து, இரண்டு பேரும் சேர்ந்து வீடு கட்ட வேண்டும். அவர் வேலை முடிந்து விடியப்புறம் வீட்டுக்கு வருவார். இங்கே எனக்கு விளக்கு வைக்கிற நேரம். படுக்கப் போகாமல் வந்து என்னோடு கல் சுமப்பார்.

"குசினியை ஏன் கடல் பக்கம் வைச்சனீர்?"

"காத்து வருமெல்லோ."

"உப்புக் காத்து. சட்டி பானை எல்லாம் கறள் பிடிக்கும்."

அந்த விளையாட்டில் துருவோ கறளோ கிடையாது. அதற்காக மூன்று மாலைகள் சண்டை பிடித்தோம். அந்தச் சண்டையில்தான் எனக்கு அவரைப் பிடித்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாதகம் சொல்லாததை அந்தக் குசினி சொன்னது.

தீவில் வீடு பெரிதாகப் பெரிதாக என்னுடைய பழைய கொம்பியூட்டர் திணறத் தொடங்கியது. அவர் கதவைத் திறந்தால் எனக்கு அது திறக்க ஒரு யுகமாகும். கொஞ்ச நாளில், ஊருக்கு வந்த அவருடைய சிநேகிதர் ஒருவரின் பெட்டியில் எனக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு கிராபிக்ஸ் கார்ட், புரொசெசருக்கு ஒரு புதுக் கூலர்.

"கார்ட் பெரிசு. சூடும் கூட. உம்மடை பழைய கூலர் தாக்குப் பிடியாது. ரெண்டையும் மாத்தும்" என்றார்.

அம்மா பார்சலைப் பார்த்து முகம் கறுத்தார். "ஒரு சீலை இல்லை, ஒரு சென்ற் போத்தில் இல்லை. இரும்பே அனுப்பிறது?" பிறகு கையில் தூக்கிப் பார்த்தார். நல்ல பாரம். வெளிநாட்டுச் சாமான். மனம் ஆறி, சாமி அறையில் வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார். கையோடு எனக்கு ஒரு கட்டளையும் வந்தது: "ஒண்டையும் உரிச்சுப் போடாதை. ஊத்தை பிடிச்சிடும்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் வீட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த எதற்கும் மேலே ஒட்டியிருப்பதை உரிப்பதில்லை. ரீவி ரிமோட் இன்னும் பொலித்தீன் உறைக்குள்தான். செற்றியில் இருந்து எழும்பினால் தொடையோடு பிளாஸ்டிக்கும் எழும்பும். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது காற்றுப் புகுந்து கொப்புளம் போட்டு, அம்மை வந்த பிள்ளை மாதிரி நின்றது. நான் படித்தவள் அல்லவா, அம்மாவின் இந்தப் பழக்கத்தை ரியூசனில் பகிடியாகச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பேன்.

ஒரு ஞாயிறு முழுவதும் மினக்கெட்டு இரண்டையும் பூட்டினேன். கூலரின் ஆணிகளோடு நடந்த மல்லுக்கட்டில் ஒரு நகம் போனது. மாலையில் தீவுக்குப் போனோம். வீடு பளிச்சென்று இருந்தது; கடலில் அலை தெரிந்தது. நான் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொம்பியூட்டர் பட்டென்று செத்தது.

திரும்பப் போட்டேன். திரும்பச் செத்தது. சூடு பார்க்கிற மென்பொருளைத் திறந்தால் புரொசெசர் தொண்ணூற்றொன்பது பாகை. இன்னும் ஒரு பாகை ஏறினால் அதன் மேல் தேத்தண்ணி வைக்கலாம்.

நான் உடனே நோயைக் கண்டுபிடித்தேன். (நோயைக் கண்டுபிடிக்க எனக்கு எப்போதும் நேரம் எடுப்பதில்லை.) கார்ட் வருவதற்கு முன் சூடு இல்லை, கார்ட் வந்த பின் சூடு. ஆகவே கார்ட்தான் வெப்பத்தைக் கக்கிப் புரொசெசரைப் பொரிக்கிறது. பக்கத்து மூடியைக் கழற்றினேன். மேசை ஃபானை நேரே திருப்பி வைத்தேன். அப்பா பாவம், தன்னுடைய ஃபானையும் கொண்டுவந்து தந்துவிட்டு விசிறியோடு போனார். கார்ட் குளிர்ந்தது. புரொசெசர் அசையவில்லை. கார்டே குளிர்ந்த பிறகும் புரொசெசர் ஏன் கொதிக்கிறது என்று என்னிடம் படிக்கிற பிள்ளைகூடக் கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. பழைய கார்டைத் திரும்பப் போட்டுப் பார்த்திருந்தாலும் விஷயம் விளங்கியிருக்கும். அதையும் செய்யவில்லை. செய்தால் என் கண்டுபிடிப்புப் பிழையாகிவிடுமே.

கஜன் அந்தப் பக்கத்தில் நித்திரை கொள்ளாமல் இணையம் முழுவதும் தேடிப் படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சொன்னார்: "கூலரை ஒருக்காக் கழட்டி அடியைப் பாரும்."

போன நகம் இன்னும் வளரவில்லை. அதைவிட, எனக்கு, ஊருக்கே பிரின்ரர் திருத்துகிற எனக்கு, இவர் பாடம் எடுக்கிறாரே என்று இருந்தது.

"பாத்தனான்" என்றேன்.

"கழட்டிப் பாத்தனீரோ?"

"ஓம். கழட்டிப் பாத்தனான். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அவர் நம்பினார். என்னை நம்பியதால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். ஃபான் வேகத்தைக் கூட்டச் சொன்னார், மின்சாரத்தைக் குறைக்கச் சொன்னார், இன்னும் எதையெதையோ மாற்றச் சொன்னார். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில், "எனக்கு விளங்கேல்லை" என்றார்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "பாவிச்ச சாமானோ வாங்கி அனுப்பினீங்கள்?" என்று கேட்டேன்.

"கடையிலை புதுசா வாங்கினது. உமக்கெண்டு வாங்கினது."

"அப்ப உங்களை ஆரோ பேக்காட்டி ஏமாத்திப் போட்டாங்கள். இல்லாட்டி நீங்கள் என்னைப் பேக்காட்டுறீங்கள்."

குசினியில் அம்மா இடியப்பம் பிழிகிற சத்தம் நின்றது. இடியப்பம் அவிந்து முடிவதற்குள் பெரியம்மாவுக்குத் தகவல் போய்விட்டது. பெரியம்மா அதைக் கஜனின் தாயாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கேயிருந்து பதில் வந்தது: "ஒரு சாமானுக்கே சந்தேகப்படுகிற வீட்டிலை எங்கடை பிள்ளை என்னெண்டு சீவிக்கிறது?" அம்மா அன்று சாப்பிடவில்லை. அப்பா, "பொதி பண்ணித் திருப்பிக் குடுங்கோ" என்று ஒரே சொல்லில் முடித்தார்.

ஆனால் கஜன் விடவில்லை. நெல்லியடியில் இருந்த தன் சித்தப்பாவை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், பெரிய சிரிப்புக்காரர். மோட்டார் சைக்கிளால் இறங்கும்போதே சொன்னார்: "பெடியன் சொன்னவன், சண்டை வேண்டாமாம். சாமான் பிழையெண்டால் கடையிலை குடுத்து மாத்தித் தாறானாம். ரெண்டையும் கட்டித் தாங்கோ, நான் அனுப்பி விடுறன்."

அம்மாவின் முகம் விடிந்தது. தேத்தண்ணியும் பயித்தம் பணியாரமும் வந்தன. கலியாணம் திரும்ப வழிக்கு வந்துவிட்டது. நான் எல்லோருக்கும் முன்னால் ஆணிகளைக் கழற்றிக் கூலரைத் தூக்கினேன். அம்மா அதை வாங்கி, சூடு கடத்துவதற்காக நான் அடியில் அப்பியிருந்த பேஸ்டைச் சீலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துவிட்டுப் பெருமையோடு சித்தப்பாவிடம் நீட்டினார்.

"பாருங்கோ, அடியிலை ஒட்டினது கூட அப்பிடியே கிடக்கு. நாங்கள் ஒண்டும் பழுதாக்கேல்லை. கடைக்காரன் ஒரு கதை கதைக்கேலாது."

சித்தப்பா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "பிள்ளை, இதிலை எழுதிக் கிடக்கு. பூட்ட முதல் இதை உரிக்கட்டாம்."

மெல்லிய, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக். புரொசெசரின் சூடு கூலருக்கு ஏற முடியாமல் நடுவில் அதுதான் படுத்திருந்தது. நான் அதைக் காணவேயில்லை. பிறந்த நாள் முதல் பிளாஸ்டிக்குக்கு ஊடாகவே சாமான்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது எப்படித் தெரியும்.

சித்தப்பா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி செற்றியில் கொட்டியது. (பிளாஸ்டிக் இருந்ததால் செற்றிக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா இதை இன்றைக்கும் சொல்லுவார்.) அப்பா சிரித்தார். அம்மாவும் கடைசியில் சிரித்தார். பிணக்குத் தீர்ந்த சந்தோசத்தில் சித்தப்பா கூலரை ஒரு படம் எடுத்து அப்போதே கஜனுக்கு அனுப்பினார். "பெடியனும் சிரிக்கட்டும்" என்றார்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் படம் கஜனுக்கு என்ன சொல்லும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் மாலையில் போன் எடுத்தார். குரலில் கோபம் இல்லை.

"பிளாஸ்டிக்கை விடும். அது ஆருக்கும் நடக்கும். கழட்டிப் பாத்தனான் எண்டு ஏன் சொன்னனீர்?"

பதில் வைத்திருந்தேன். நகம், வெட்கம், பிரின்ரர் எல்லாம் சொல்லியிருக்கலாம். "கோவமோ?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்லை. நித்திரை வருகுது" என்றார்.

அத்தனை மாதங்களில் அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அதன் பிறகு தீவுக்கு வரவும் இல்லை. கொஞ்ச நாளில் பெரியம்மா, சாதகத்தில் ஏதோ பிசகாம் என்று சொன்னார். சாமானை ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. பிளாஸ்டிக்கை உரித்துப் பூட்டியபோது புரொசெசர் ஐம்பத்தெட்டுப் பாகையில் நின்றது. தீவு துளியும் திணறாமல் திறந்தது. குசினி கடல் பக்கமே இருந்தது. நான் கொஞ்ச நேரம் அங்கே நின்றுவிட்டு, அழுதுவிட்டு, மூடினேன்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் எது பழுதானாலும், மோட்டர் இறைக்காவிட்டாலும், யாருக்காவது காய்ச்சல் என்றாலும், அப்பா கேட்பது ஒன்றுதான்: "முதல் உரிச்சுப் பாத்தனீங்களோ?" அம்மா இப்போது புதுச்சாமான் வந்தால் உரிப்பதற்குப் பிளேடும் கையுமாக வாசலில் நிற்கிறார். முழு உடுவிலிலும் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிதான் உரித்த பெட்டி. "ஒரு பிளாஸ்டிக்குக்குக் கலியாணத்தைக் குழப்பினவங்கள். நல்ல காலம் தப்பினாள்" என்று கதையை முடிப்பார்கள்.

போன தைப்பொங்கலுக்கும் இந்தக் கதை நடந்தது. தம்பி புதிதாகக் கலியாணம் செய்தவன். அவன் மனைவிக்கு இது முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, அவள் என்னிடம் கேட்டாள்:

"ஏன் மச்சாள், அவர் ஒருக்காக் கழட்டிப் பாக்கச் சொல்லேல்லையோ?"

இத்தனை வருடத்தில் இதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். எல்லோரும் சிரிப்பு மாறாத முகத்தோடு என்னைப் பார்த்தார்கள்.

"இல்லை" என்றேன். "அவருக்கு உதொண்டும் தெரியாது."